மந்திரி ஆற்றில் விழுந்த படம்

எங்கள் பெரியப்பா கூட்டங்களில் நித்திரை கொள்வார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊரிலும் அப்போது யாரும் குறையாகச் சொன்னதில்லை. கிராமச் சங்கத்தின் தலைவர் அவர். தலைமைக் கதிரையில் அமர்ந்து, சால்வையை மடித்துத் தோளில் போட்டு, இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டாரென்றால், முன்னால் நிற்பவன் தன் முறைப்பாட்டின் நடுப்பகுதிக்கு வருவதற்குள் அவருடைய கண்கள் மூடிவிடும். முறைப்பாடு முடிந்து சபை அமைதியாகும்போது அந்த அமைதியே அவரை எழுப்பும். எல்லாவற்றையும் கேட்டவர்போல ஆழமாகத் தலையாட்டி, "பாப்பம்" என்பார். வந்தவன் கும்பிட்டுவிட்டுப் போவான்.

நீர்வேலிக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்குள் ஒளிந்திருந்த ஊர் எங்களுடையது. அங்கே பல வருடங்களாக "பாப்பம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்தது இன்னும் கட்டப்படாத ஒரு மதகு, சின்னப் பாலம். பெரியப்பாவின் தோட்டத்தைத் தாண்டிப் போகும் குறுகிய ஒழுங்கை ஓரிடத்தில் பள்ளமாகி, மாரி வந்தால் வாய்க்காலாகிவிடும். அந்தப் பக்கத்துச் சனம் இடுப்பளவு தண்ணீருக்குள்ளால்தான் வேலைக்கு வந்து போகவேண்டும். என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த மல்லிகா அந்தப் பக்கத்துப் பிள்ளை. அடைமழை நாட்களில் அவள் பள்ளிக்கூடம் வரமாட்டாள். எவ்வளவு அதிர்ஷ்டசாலி என்று நான் பொறாமைப்படுவேன்.

அந்த வருடம் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. பெரியப்பாவை எதிர்த்து நின்றவர் வேறு யாருமல்ல, பெரியம்மாவின் கூடப்பிறந்த அண்ணர். தெற்கே பல ஊர்களில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் தபால் மாமா. வாழை இலையே வாடிப்போகும் வெயிலிலும் கோட்டுப் போட்டிருப்பார். மழையே இல்லாத மாதத்திலும் குடை பிடித்திருப்பார். எதையும் மூன்றாகப் பிரித்துத்தான் பேசுவார். "முதலாவது" என்று ஒரு விரலை மடக்குவார், "இரண்டாவது" என்று அடுத்ததை மடக்குவார். மூன்றாவது விரலுக்கு வரும்போது சொல்ல வந்தது மறந்துபோயிருக்கும். "மூன்றாவதை நீங்களே அறிவீர்கள்" என்று முடித்துவிடுவார். கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்ற மரியாதையோடு தலையாட்டுவார்கள்.

சின்னம் கொடுப்பதற்குச் சீட்டுக் குலுக்கியபோது குடை பெரியப்பாவுக்கு விழுந்தது. தபால் மாமாவுக்குத் தராசு. அதன்பிறகு தபால் மாமா குடையை வீட்டில் வைத்துவிட்டு, வழுக்கைத் தலையில் கைலேஞ்சியை விரித்துப் போட்டுக்கொண்டு வெயிலில் வாக்குக் கேட்டுத் திரிய வேண்டியதாயிற்று. குடை பிடித்தால் அது மைத்துனருக்குப் பிரசாரமாகிவிடுமல்லவா?

வேட்புமனுக் கொடுத்த நாளிலிருந்து இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. நடுவில் கிடந்து உழன்றவர் பெரியம்மாதான். இங்கே கூழ் காய்ச்சினால் ஒரு செம்பில் அண்ணர் வீட்டுக்கும் கொண்டுபோவார். அங்கிருந்து முருங்கைக்காயோடு திரும்பி வருவார். "ஆர் வெண்டாலும் எனக்குத் தோல்விதான்" என்று அம்மாவிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டது எனக்கு ஞாபகமிருக்கிறது.

இந்த நிலைமையில்தான் கொழும்பில் கந்தோர் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்து இறங்கினார். எங்கள் குடும்பத்தில் சிரிப்பு, பகிடி என்ற ஒன்றைப் பிறவியிலேயே கொண்டுவந்தவர் அவர் மட்டும்தான். யாழ்ப்பாண டவுனுக்கு ஒரு புதுப்படம் வந்திருந்தது. ஒலிபெருக்கி கட்டிய கார் ஊருக்குள் வந்து நோட்டீஸ் எறிந்துவிட்டுப் போனது. சித்தப்பா அந்தப் படத்தைக் கொழும்பிலேயே பார்த்துவிட்டார். ஆனாலும் குடும்பத்தோடு இன்னொருமுறை பார்க்காவிட்டால் தனக்குச் சாப்பாடு செமிக்காது என்றார்.

"என்ன கண்டறியாத படம்? எலக்சன் நேரத்திலை" என்றார் பெரியம்மா.

"நல்ல படம் மச்சாள். ஊருக்கு நல்லது செய்யிற ஒரு மந்திரியின்ரை கதை" என்றார் சித்தப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

மந்திரி என்ற சொல் பெரியப்பாவைத் தொட்டுவிட்டது. "அப்பிடியெண்டால் பாப்பம்" என்றார். அவருடைய "பாப்பம்" ஒரு காரியத்தில் முடிந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

வாடகைக்குப் பிடித்த ஏ-ஃபோர்ட்டிக் காரில் எல்லாரும் அடைந்துகொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். நான் அம்மாவின் மடியில். என் மடியில் பலகாரப் பெட்டி. பெரியப்பா முன்சீற்றில் புது வேட்டியோடு, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தார். வேறு ஊர்களின் எல்லைக்குள் போனபிறகும் கையை இறக்கவில்லை.

படம் இதுதான். ஊர் ஊராக நாடகம் போடும் ஒரு கூட்டத்தில் துரை வேடம் கட்டுகிற நடிகன் ஒருவன். சம்பளத் தகராறில் அவனை இடைவழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேடத்தைக் கலைக்க அவனுக்கு வேறு உடுப்பில்லை. கோட்டும் குடையுமாக நடந்து ஓர் ஊருக்கு வருகிறான். அங்கே பாலம் திறக்க வரவேண்டிய மந்திரிக்காகச் சனம் வெயிலில் காத்துநிற்கிறது. கோட்டைக் கண்டதும் மாலை போட்டு மேளம் அடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவன் கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை வெட்டுகிறான், கம்பீரமாக ஓரடி எடுத்து வைக்கிறான், தொபுக்கென்று ஆற்றில் விழுகிறான். ரிப்பனுக்கு அப்பால் பாலம் இல்லை! பாலம் கட்டி முடிந்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கிறது, ஆற்றின்மேல் இல்லை. கரைக்கு இழுத்துப் போட்டதும், குமாஸ்தா நடுங்கிக்கொண்டே, "என்னான்னு எழுதட்டும் ஐயா?" என்று கேட்கிறான். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு இவன் சொல்கிறான்: "முடிஞ்சுதுன்னு எழுதிக்கோ!"

தியேட்டர் அதிர்ந்தது. கலரியில் இருந்தவர்கள் பலகை ஆசனங்களில் அடித்துச் சிரித்தார்கள். அந்த ஒரு பதிலுக்காகவே அவனை உண்மையான மந்திரியாக்கிவிடுகிறார்கள். மந்திரிசபையில் அவன் நித்திரை கொள்கிறான். பஞ்சமா, வெள்ளமா, எதைச் சொல்லி எழுப்பினாலும், கண்ணைத் திறக்காமலே "முடிஞ்சுதுன்னு எழுதிக்கோ" என்கிறான். மேடைகளில் விரல் மடக்கி ஒன்று, இரண்டு என்று முழங்குகிறான். மூன்றாவது விரலுக்கு அவனிடம் விஷயம் இல்லை.

முதலில் நானும் எல்லாரையும்போலத்தான் சிரித்தேன். மந்திரி இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு வாயைப் பிளந்தபோதுதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. "ஐயோ, பெரியப்பா மாதிரி!" என்று கத்திவிட்டேன். பெரியம்மா என் தொடையைப் பிடித்து ஒரு நுள்ளு நுள்ளினார். எனக்குச் சிரிப்பு நின்று பயம் வந்தது. இருட்டில் மெல்ல எட்டி முன்வரிசையில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தேன்.

அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்றே நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு, இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பல்கனி முழுவதற்கும் கேட்கும்படி சித்தப்பாவின் காதில் சொன்னார்: "உது எங்கடை மச்சானெல்லோ! அந்தக் கோட்டைப் பார், குடையைப் பார், விரலைப் பார்! ஆரோ இஞ்சை வந்து பார்த்திட்டுப்போய்த்தான் எடுத்திருக்கிறான்!"

இடைவேளையில் சோடா குடிக்கக் கீழே இறங்கினோம். அங்கே தபால் மாமாவும் தன் ஆட்களோடு படம் பார்க்க வந்திருந்தார். சோடாக் கடைத் தூணில் சாய்ந்து சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தார். "முதலாவது, அந்த நித்திரை. இரண்டாவது, அந்தக் குடை. சின்னமும் குடைதானே! இதைவிட வேறென்ன வேணும் சேர்மனைக் காட்ட?" என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்தார்கள். ஊர் முன்னே அவமானப்பட்ட ஒருவனை அவன் அறியாதபடி ஆறுதல்படுத்தும் பார்வை அது. பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தபால் மாமா வாய் திறந்தார்.

"சோடா குடியுங்கோவன் மச்சான்."

"ஓம் ஓம். நீரும் குடியும், நான் சொல்லுறன்" என்றார் பெரியப்பா.

சித்தப்பா தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அவருடைய தோள் மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் முழுவதும் எங்கள் ஊருக்குத் திருவிழா. மைத்துனரின் வண்டவாளத்தை வாக்காளர்கள் கண்ணால் காணவேண்டும் என்று பெரியப்பா வான் பிடித்து ஆட்களைப் படத்துக்கு அனுப்பினார். அதை அறிந்த தபால் மாமா, இவருக்கு விசர் பிடித்துப் புத்தி பேதலித்துவிட்டது, தன்னைத்தானே பரிகசிக்கச் செலவழிக்கிறார் என்று மகிழ்ந்து, தானும் இரண்டு வான் பிடித்தார். வாழ்க்கையில் தியேட்டர் வாசலையே மிதிக்காத கிழவர்களெல்லாம் ஒருநாள் குடை வானில் போய் வந்து, மறுநாள் தராசு வானில் போனார்கள். ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தனியாக ஒரு வான் விட்டார்கள். அந்த வானில் போகிறவர்கள்தான் போகும்போதும் வரும்போதும் பாட்டுப் பாடுவார்கள். அதில் எனக்கு இடமில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

மந்திரியின் வசனம் ஊரெங்கும் பரவியது. கணக்குச் செய்தாயா என்று வாத்தியார் கேட்டால், நாங்கள் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டு, "முடிஞ்சுதுன்னு எழுதிக்கோ" என்போம். தமிழ்நாட்டுத் தமிழில் சொல்லவேண்டும், அதுதான் விஷயம். எங்கள் தமிழில் சொன்னால் அடி விழும். படத்துத் தமிழில் சொன்னால் வாத்தியாருக்கே சிரிப்பு வரும்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு பின்னேரம் பள்ளிக்கூட வளவில் பெரியப்பாவின் கூட்டம் நடந்தது. பெரியப்பா பேசி முடித்ததும், யாருக்காவது ஏதாவது கேட்க இருக்கிறதா என்று சித்தப்பா கேட்டார். வேலி ஓரமாக, தனியாக நின்றிருந்த கூட்டத்திலிருந்து மல்லிகாவின் தாயார் முன்னுக்கு வந்தார். அவர் பெரியப்பாவின் வாழைத் தோட்டத்திலேயே வேலை செய்தவர். யாரும் அவருடைய குரலை உரத்துக் கேட்டதில்லை.

"ஐயா, அந்த மதகு..." என்று தொடங்கினார்.

பெரியப்பா பழக்கத்தில் தலையை ஆட்டினார். "பாப்பம்" என்றார்.

அவர் போய்விடவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிறிது யோசித்தார். பிறகு, படத்துக் குமாஸ்தாவைப்போலவே முதுகைக் குனிந்து, அதே நடுங்கும் குரலில் கேட்டார்:

"அப்போ, முடிஞ்சுதுன்னு எழுதிக்கட்டுமா ஐயா?"

அப்போது எழுந்த சிரிப்பைப்போல ஒன்றை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பெரியப்பாவுக்கு மாலை போட வந்த ஐயரும் சிரித்தார். மல்லிகாவின் தாயாரும், தான் சொன்னதைத் தானே நம்பமுடியாதவர்போல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்காமல் நின்றவர் பெரியப்பா ஒருவர்தான். அவர் அந்தச் சனத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார். படத்தில் கண்டது யாரை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சால்வையைக்கூடக் கழற்றாமல் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், உண்மையைச் சொல்லும். உந்தப் படத்திலை வாறது ஆர்? நானோ, உம்மடை அண்ணரோ?"

பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நித்திரை உங்கடை. கோட்டு அண்ணற்றை. விசர் ரெண்டு பேற்றையும்."

அன்று பெரியப்பா சாப்பிடவில்லை. விடிந்ததும் நேரே தபால் மாமா வீட்டுக்கு நடந்தார். என்ன கலகம் நடக்கப்போகிறதோ என்று பெரியம்மா பின்னால் ஓடினார். பெரியம்மாவுக்குப் பின்னால் நான் ஓடினேன்.

"மச்சான், படத்திலை வாறது நாங்கள் ரெண்டு பேருமாம்" என்றார் பெரியப்பா வாசற் படலையில் நின்றபடி.

"ஆர் சொன்னது?"

"உம்மடை தங்கச்சி."

தபால் மாமா தங்கையைப் பார்த்தார். பிறகு, போட்டிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். "முதலாவது, அவள் பொய் சொல்லமாட்டாள்" என்று ஒரு விரலை மடக்கினார். "இரண்டாவது..." என்று அடுத்ததை மடக்கினார். மூன்றாவது விரலில் கண் போனதும் அவரையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் படலையின் இரண்டு பக்கமும் நின்று, கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் படலைக் கயிறு அறுந்தது.

அன்றைக்கே மதகு வேலை தொடங்கியது. மதில் கட்ட வைத்திருந்த கல்லைப் பெரியப்பா வண்டியில் ஏற்றி அனுப்பினார். சீமெந்துக்குத் தபால் மாமா பொறுப்பெடுத்தார். ஒருவர் வந்து நின்றால் மற்றவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. யாருடைய மதகு என்று நாளைக்கு ஊர் சொல்லும் என்பது இரண்டு பேருக்கும் கவலை. தபால் மாமா கோட்டைக் கழற்றிப் பூவரசில் கொழுவிவிட்டுக் கல் எடுத்துக் கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன். பெரியப்பா நட்ட நடு மத்தியானத்தில் விழித்திருந்தார்.

திறப்புவிழாவுக்கு ரிப்பனும் கட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே கத்தரிக்கோலில் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து வெட்டினார்கள். வெட்டியபின் யாரும் காலை எடுத்து வைக்கவில்லை. படம் பார்க்காதவர்கள் அந்த இடத்தில் ஒருவருமில்லை.

"நீர் முதல் போம்."

"இல்லை இல்லை, நீங்கள் தலைவரெல்லோ."

இவர்கள் இப்படி உபசாரம் செய்துகொண்டிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து மல்லிகாவின் தாயார் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறென்று நடந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். மதகு விழவில்லை. சித்தப்பா தொண்டை கிழிய, "முடிஞ்சுதுன்னு எழுதிக்கோ!" என்றார். சீனவெடி கொளுத்தினார்கள்.

தேர்தலில் பெரியப்பாதான் வென்றார். முதல் மாலையோடு வந்தவர் தபால் மாமா. கையில் குடையும் இருந்தது. புதுச் சபையின் முதற் கூட்டத்தில் பெரியப்பா கடைசிவரை கண் விழித்திருந்ததாகவும், இரண்டாவது கூட்டத்தில் வழமைக்குத் திரும்பிவிட்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

போன வருடம் என் மகள் அந்தப் படத்தை எங்கேயோ தேடிப்பிடித்துக் கணினியில் போட்டுக் காட்டினாள். மழை பெய்வதுபோலக் கோடு விழுந்த பிரதி. கொஞ்சம் பயந்துகொண்டுதான் பார்த்தேன். சின்ன வயதில் சிரித்தவை எல்லாம் பெரிய வயதிலும் சிரிப்புத் தரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. காதலர்கள் மரத்தைச் சுற்றும் பாட்டுகளை இப்போது பொறுக்க முடியவில்லை. திக்குவாய்ச் சமையற்காரனை வைத்துச் செய்த பகிடிகளுக்குக் கூச்சமாக இருந்தது. பருத்த பெண்ணொருத்தி கதிரையை உடைக்கும் இடத்தில் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசிக் கால் மணிநேரத்தில் மந்திரி திருந்தி, எங்களுக்கெல்லாம் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறான். அந்தப் பிரசங்கத்தில் நானே பெரியப்பாவாகிக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

ஆனால் அந்த ஆறு! ரிப்பனை வெட்டி, கம்பீரமாக ஓரடி எடுத்து வைத்து, மந்திரி காணாமல் போகும் அந்தக் கணத்தில், வெளிநாட்டில் பிறந்து பாதித் தமிழும் விளங்காத என் மகள் கதிரையிலிருந்து வழுக்கிக் கீழே இருந்துவிட்டாள். திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தோம். அந்தக் காட்சியை எந்த நாட்டிலும் எந்த வருடத்திலும் போட்டுக் காட்டலாம், ஆற்றின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நித்திரையும் விரல் மடக்குவதும் கூடப் பழுதாகவில்லை. இப்போது அவற்றைச் செய்பவர்கள் நல்ல கோட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படம் முடிந்தபின் மகளுக்கு மதகின் கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகையில்தான், அந்தத் திறப்புவிழாவில் நடந்த இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது. எந்தப் பகிடிப் படத்திலும் அதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

சீனவெடி ஓய்ந்தபின் எல்லாருக்கும் சீனி கரைத்துத் தேசிக்காய் பிழிந்த தண்ணி கொடுத்தார்கள். எங்களுக்குப் பெரியம்மாவின் அலுமாரியிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ். மதகுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குப் பனையோலையில் கோலிய பிளா. எங்கள் வீட்டில் கூழ் குடிக்கும் நாளில் மட்டும்தான் எனக்குப் பிளா கிடைக்கும். அதில் குடித்தால் எதற்கும் ஓலை வாசம் ஒன்று சேரும். மல்லிகாவின் கையில் பச்சைப் பசேலென்ற பிளாவைக் கண்டதும் எனக்கு ஆசை தாங்கவில்லை.

"எனக்கு உன்ரை பிளாவைத் தாறியே? நீ என்ரை கிளாஸை வைச்சுக்கொள்."

மல்லிகாவும் பூப்போட்ட கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மதகின் நடுவில் நின்று மாற்றிக்கொண்டோம். அவள் ஒரு வாய் குடித்திருப்பாள். எங்கிருந்தோ பாய்ந்து வந்த அவளுடைய தாயார் கிளாஸைத் தட்டிவிட்டு, அவளுடைய முதுகில் ஓர் அடி வைத்தார். கிளாஸ் புதுச் சீமெந்தில் விழுந்து உடைந்தது. அன்று பள்ளிக்கூட வளவில் அத்தனை பேர் முன்னால் பெரியப்பாவைப் பகிடி பண்ணிய பெண், இப்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெரியவர்கள் நின்ற பக்கம் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாகூடச் சிரிக்கவில்லை.

கிளாஸ் உடைந்ததற்குத்தான் இவ்வளவும் என்று நான் நினைத்தேன். சிநேகிதிக்கு அநியாயமாக அடி விழுந்துவிட்டதே என்று எனக்குக் கோபம் வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன்:

"அவளை அடியாதை! அது என்ரை கிளாஸ். நான் குடிச்ச கிளாஸிலைதான் அவளும் குடிச்சவள்."

அதைக் கேட்டதும் அந்தத் தாயாரின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்துபோயிற்று. மல்லிகாவை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல், மதகைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் அவளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில், கைப்பிடிச் சுவரில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு, பிளாவில் மிச்சமிருந்ததை ஆறுதலாகக் குடித்து முடித்தேன்.